டயருக்கு நான் வாங்கிய பத்து மார்க்



மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் இரண்டு வாரமாக என்னைத் துரத்தினார். கவிதை எழுதித் தந்து தப்பித்துவிடலாம் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். 'நிலவே' என்ற முதல் சொல்லுக்கு மேல் வண்டி நகரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியும் டயரும்தான். அதையே எழுதிவிட்டேன். மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படிக்கவும். கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

நாலாவது செமஸ்டர் மாதத் தேர்வில் ஒரு கேள்வி: 'டயர் தேய்மானத்துக்கான காரணங்களை விளக்குக.' பத்து மார்க். நான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், காற்று கூடினால் நடுப்பகுதி தேயும், அதிகப் பாரம், அதிக வேகம், அடிக்கடி பிரேக், வெயிலில் கொதிக்கும் சாலை என்று ஒன்றையும் விடவில்லை. படமும் போட்டேன். பத்துக்குப் பத்து! சார் என் விடைத்தாளை வகுப்பில் தூக்கிக் காட்டினார். "பஞ்சர் கடைக்காரர் பையன் இல்லையா, சும்மாவா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பத்து மார்க்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு கோவில்பட்டிக்குப் பக்கத்தில், நாலுவழிச் சாலை ஓரம். முன்பக்கம் அப்பாவின் பஞ்சர் கடை, பின்பக்கம் வீடு. 2024 பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம், கடை வாசலில் 'தம் தம்' என்று ஒரு கனத்த சத்தம் வந்து நின்றது. ஓசூரில் வேலை பார்க்கும் சித்தப்பா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கீழே புத்தம் புதிய டொமினார் 400.

ஸ்போர்ட் டூரிங் வண்டி என்றால் என்ன என்று எங்கள் தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது. வேகமாகவும் போக வேண்டும், நெடுந்தூரமும் போக வேண்டும், போய் இறங்கும்போது முதுகெலும்பு கழன்று போகவும் கூடாது. இந்த மூன்றுக்கும் சேர்த்துச் செய்த வண்டி. முன்னால் காற்றைத் தடுக்க உயரமான கண்ணாடி, கைகளுக்குக் காப்பு, இன்ஜினுக்கு அடியில் கல் படாமல் ஒரு தகடு, பின்னால் பெட்டி கட்ட கேரியர். பெட்ரோல் டேங்க் மேலேயே இன்னொரு குட்டி மீட்டர். 373 சிசி, ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிரும் இன்ஜின், 40 குதிரைத் திறன், ஆறு கியர். எடை 193 கிலோ. அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லைத் தள்ளியே பழகிய எனக்கு, அதை ஸ்டாண்டிலிருந்து எடுத்து நிமிர்த்தவே மூச்சு வாங்கியது.

பொங்கலன்று மதியம் சித்தப்பா சாவியைக் கையில் கொடுத்தார். "லைசென்ஸ் வச்சிருக்கேல்ல? கயத்தாறு வரைக்கும் போய்ட்டு வா. நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்."

நண்பர்களே, அந்த முதல் ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். கிளட்ச்சை விட்டதும் வண்டி பாயவில்லை. யானை எழுந்து நடப்பது போல நிதானமாகக் கிளம்பியது. நாலாவது கியருக்கு வந்து ஆக்ஸிலேட்டரைத் திருகியபோதுதான் அதன் குணம் தெரிந்தது. மீட்டரைப் பார்க்காமல் இருந்திருந்தால் ஐம்பதில் போகிறோம் என்றுதான் நினைத்திருப்பேன். பார்த்தால் தொண்ணூறு! முன் கண்ணாடி காற்றைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டது. எக்ஸ்எல்லில் ஐம்பதைத் தொட்டால் உடம்பிலுள்ள எலும்பெல்லாம் தனித்தனியாகப் பேசும். இதில் தொண்ணூறுக்கும் ஒரு சலனம் இல்லை. வேகத்தை மறக்க வைப்பதுதான் இந்த வகை வண்டியின் சிறப்பு. ஆபத்தும் அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது தெருவே கூடியிருந்தது. பையன்கள் ஹெட்லைட்டைப் பார்த்தார்கள், சைலன்சரைத் தட்டிப் பார்த்தார்கள், விலையைக் கேட்டார்கள். அப்பா மட்டும் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். குழந்தையின் தலையைத் தடவுவது போல இருந்தது.

"ஏலே, புது டயரு மேல்தோல் வழுவழுன்னு இருக்கும். நூறு, நூத்தம்பது கிலோமீட்டர் ஓடி அது உரசித் தேயுற வரைக்கும் வண்டியை ரொம்பச் சாய்க்காத. பிரேக்கையும் படக்குன்னு பிடிக்காத" என்றார்.

40 குதிரைத் திறன் உள்ள வண்டியைப் பார்த்துவிட்டு இவர் டயரைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

சித்தப்பா ஊருக்குப் போனார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஓசூரிலிருந்து வருவார்; கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். போக வர ஆயிரம். பெரும்பகுதி நேரான நாலுவழிச் சாலை. பின்னால் இரண்டு பைகள், சில தடவை சித்தியும்.

ஒரு நாள் பொழுது போகாமல் பின் டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டேன். 150/60 ஆர்17 என்று போட்டிருக்கும். 150 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் 60 சதவீதம் உயரம், அதாவது 90 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எல்லாம் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 612 மில்லிமீட்டர். சுற்றளவு 1.92 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓட 520 சுற்று. ஓசூர் போய் வர ஐந்து லட்சம் சுற்றுக்கு மேல்! நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா கணக்கை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி. அஞ்சு லட்சம் சுத்துலயும் ரோட்டைத் தொட்டது டயரோட எந்த இடம்?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஜூலை மாதம் கிடைத்தது. ஒரு கல்யாணத்துக்காகச் சித்தப்பா வந்திருந்தார். மீட்டர் 14 ஆயிரத்தைத் தொட்டிருந்தது. அப்பா வழக்கம்போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். முகம் மாறியது.

"தம்பி, இந்த டயரோட ஓசூருக்குப் போக வேண்டாம்."

"பட்டன் இருக்கேண்ணே?" என்றார் சித்தப்பா. எனக்கும் அதே எண்ணம்தான். இரண்டு பக்கமும் பள்ளங்கள் புதுசு போலவே இருந்தன.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஓரத்துப் பள்ளத்தில் செருகினார். நின்றது. நடுப் பள்ளத்தில் செருகினார். விழுந்துவிட்டது. பள்ளத்துக்குள்ளே குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும். அதுதான் தேய்மானக் குறி. சுற்றிலும் உள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் நாட்டு விதிப்படி இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் பள்ளமாவது மிச்சம் இருக்க வேண்டும். நடுவில் மேடும் ரப்பரும் ஒன்றாகிவிட்டிருந்தன.

"பட்டனை மட்டும் பாக்காதீங்க, உருவத்தைப் பாருங்க" என்றார் அப்பா. "புது டயரு முட்டை மாதிரி உருண்டையா இருக்கும். அதனாலதான் வண்டி எந்தப் பக்கம் சாஞ்சாலும் வழுக்காமத் திரும்புது. இது நேர் ரோட்டுலயே ஓடி ஓடி, முட்டையோட உச்சியைச் சீவுன மாதிரி ஆயிட்டு."

"சைடுல அப்படியே இருக்கேப்பா?" என்றேன்.

"அதாம்லே வினை. நடுவுல தேஞ்சு ஓரத்துல அப்படியே நின்னா, ரெண்டுக்கும் இடையில ஒரு வரப்பு விழும். வண்டி சாயும்போது அந்த வரப்புல ஏறி இறங்கணும். காஞ்ச ரோட்டுல ஒப்பேத்திரலாம். நனைஞ்ச ரோட்டுல விடாது."

பிறகு கையை விரித்துக் காட்டினார். "ரோட்டைத் தொடுறது சக்கரத்துக்கு உள்ளங்கை அளவு இடம்தான். உன் உசிரு அதுலதான் நிக்குது."

அந்த அளவு டயர் கோவில்பட்டியில் கிடைக்கவில்லை. மதுரைக்குச் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை வரும் என்றார்கள். சித்தப்பா ரயிலில் ஓசூர் போனார். அப்பா பழைய டயரின் மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். எங்கள் கடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இது ஓடக் கூடாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் சாரல். அப்பா ஒரு லாரி டயர் வேலையாகச் சாத்தூர் போயிருந்தார். என் பெஞ்ச் நண்பன் வந்தான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அவன் இதுவரை இந்த வண்டியில் ஏறியதில்லை. "ஒரே ஒரு தடவைடா" என்று அவன் கேட்கவில்லை. நானேதான் கேட்டேன்: "வாடா, ஐந்தருவி வரைக்கும் போய்ட்டு மத்தியானத்துக்குள்ள வந்திரலாம்."

சாக்பீஸ் குறி எங்களைத் தடுக்கவில்லை. வண்டி கிளம்பி நூறு அடி போவதற்குள் அது சாலையில் உரசி அழிந்துவிட்டது.

கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி வரை ஒரு குறையும் இல்லை. வெயில்தான். 'அப்பாவுக்கு எல்லாத்துலயும் பயம்' என்றுகூட நினைத்துக்கொண்டேன். தென்காசி தாண்டியதும் சாரல் ஆரம்பித்தது. முதல் தூறல் விழும்போதுதான் சாலை மிகவும் வழுக்கும். தாரின் மேல் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து மேலே வரும். இதையும் நான் படித்திருக்கிறேன்.

குற்றாலம் போகும் சாலையில் இடது பக்கம் ஒரு வளைவு. ஐம்பதுக்குள்தான் போனேன். வண்டியைச் சாய்த்தேன். முதலில் சாய மறுத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அப்போது எதையோ தாண்டி இறங்குவது போல ஒரேயடியாகச் சரிந்தது. அப்பா சொன்ன வரப்பு! பயத்தில் பிரேக்கைப் பிடித்தேன். ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாமல் பார்ப்பது அதன் வேலை. சாய்ந்து கிடக்கும் வண்டி பக்கவாட்டில் வழுக்கினால் அது என்ன செய்யும்? பின்சக்கரம் வெளியே போனது. நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

எதிரே எந்த வண்டியும் வரவில்லை. இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவன் விழும்போது வலது கையை ஊன்றிவிட்டான். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக் கட்டு.

தகவல் தெரிந்து அப்பா ஒரு லாரியில் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் முதலில் அவனைப் பார்த்தார். பிறகு என் முழங்காலைப் பார்த்தார். வெளியே போய் டயரைத் தொட்டுப் பார்த்தார். சாக்பீஸ் குறி இருந்த இடத்தை விரலால் ஒரு தடவை துடைத்தார். அங்கே ஒன்றும் இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

மூன்று வாரம் கழித்துக் கேம்பஸ் இன்டர்வியூ. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரு கம்பெனி. எங்கள் செட்டில் முதல் ஆளாகத் தேர்வாகக்கூடியவன் அவன் என்று எல்லா சாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுத்துத் தேர்வை இடது கையால் எழுதினான். பாதிக் கேள்வி முடிவதற்குள் பெல் அடித்துவிட்டது. நான் அவனுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையும் நன்றாக இருக்க, முழுசாக எழுதி முடித்தேன்.

நான் தேர்வானேன். அவன் ஆகவில்லை.

அவன் என்னிடம் கோபப்படவில்லை. "வேற கம்பெனி வரும்டா" என்றான். அவன் அம்மாவைப் பார்க்கப் போனபோது வாசலில் நின்று அழுதுவிட்டேன். "உள்ள வாப்பா, சாப்டியா?" என்றுதான் கேட்டார்கள். தட்டில் இரண்டு கடலை மிட்டாய் வைத்துக் கொடுத்தார்கள். அதை என்னால் மென்று விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு என் பழைய விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு வரி தப்பில்லை. ஆனால் அந்த டயர் ஆறு மாதமாக எங்கள் வாசலில் வந்து வந்து போனது. நான் ஒரு தடவை உட்கார்ந்து தொட்டுப் பார்க்கவில்லை. அப்பா எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். 'தேய்மானம்' என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் உள்ளங்கைக்கு அது தெரிந்திருந்தது.

காற்றடைத்த டயருக்கு 1888-ல் காப்புரிமை பெற்றவர் ஜான் பாய்ட் டன்லப். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவர். தன் மகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் போக வேண்டும் என்றுதான் அந்த டயரைச் செய்தார். எனக்கு இது இரண்டு மார்க் கேள்வியாகத்தான் தெரியும். இப்போது படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. மகனுக்காக ஒரு அப்பா குனிந்து உட்கார்ந்து செய்த பொருள் அது.

நெடுந்தூர வண்டிகளுக்கென்று நடுவில் கெட்டியான ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பரும் வைத்த டயர்கள் வந்திருக்கின்றன. நேர்ச் சாலையில் நடுப்பகுதி சீக்கிரம் தேயாது. வளைவில் ஓரம் நன்றாகப் பிடிக்கும். நல்ல விஷயம்தான். ஆனாலும் தேயாத டயர் என்று ஒன்று இல்லை. சாலையைப் பிடிக்க வேண்டுமென்றால் ரப்பர் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கத்தான் வேண்டும். அந்த இழப்பை நாம்தான் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

இனி உங்களுக்கான வேலை. இந்தப் பக்கத்தை மூடியதும் நம் கல்லூரி வண்டி ஸ்டாண்டுக்குப் போங்கள். உங்கள் வண்டியின் பின்னால் குத்துக்காலிட்டு உட்காருங்கள். வெட்கப்பட வேண்டாம். உள்ளங்கையை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவுங்கள். உருண்டையாக இருக்கிறதா, மட்டமாக இருக்கிறதா? நடுப் பள்ளத்தில் அந்தச் சின்ன மேடு எட்டிப் பார்க்கிறதா? பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயருக்கும் வயசு உண்டு. வாரம் ஒரு தடவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. முக்கியமாக, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்வதற்கு முன்னால் பாருங்கள். அவருக்கும் ஒரு அம்மா இருக்கிறார்.

சித்தப்பாவின் வண்டிக்குப் புது டயர் போட்டாகிவிட்டது. அவர் இப்போதும் வருகிறார், போகிறார். அப்பா அந்தப் பழைய டயரைத் தூக்கிப் போடவில்லை. கடை வாசலில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறார். மொட்டை டயரோடு எந்தப் பையனாவது வந்து, "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்ல?" என்று கேட்டால், அவனை அதன் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்த் தடவிப் பார்க்கச் சொல்வார். இது எப்படி விழுந்தது, யாருக்குக் கை போனது என்றெல்லாம் சொல்வார்.

ஓட்டியது யார் என்பதை மட்டும் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் நானே இங்கே எழுதிவிட்டேன்.

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)